அக்கா வாங்கிக்கொண்ட மன்னிப்பு

1

பிரிட்டன் குடியுரிமைக்கான விண்ணப்பத்தை மூன்று வாரமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். எந்தத் தேதியில் நாட்டை விட்டுப் போனேன், எந்தத் தேதியில் திரும்பினேன் என்று பழைய பாஸ்போர்ட்டின் முத்திரைகளைப் பார்த்து எழுத வேண்டும். பாதி முத்திரைகள் அழிந்து கிடக்கின்றன. அதைக்கூட எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். நடுவில் நன்னடத்தை என்று ஒரு பகுதி வருகிறது. போலீஸ் கேஸ் உண்டா, வரி ஏய்த்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று: உங்களை நல்லவரல்ல என்று நினைக்க இடம் தரும் வேறு எதையாவது நீங்கள் செய்ததுண்டா? பக்கத்தில் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

நான் லீட்ஸ் நகரத்தில் நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு அறவியல் சொல்லிக்கொடுக்கிறவன். எது சரி, எது தப்பு, அதை எப்படி யோசித்துக் கண்டுபிடிப்பது என்பதுதான் என் பிழைப்பு. இத்தனை வருடமாக அதில்தான் சோறு. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கையை எடுப்பதற்குள் போன் அடித்தது. திருச்சியிலிருந்து ஜீனத் அக்கா.

அக்காவுக்கும் மச்சானுக்கும் ஹஜ் கிடைத்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை வீட்டிலிருந்து வேனில் சென்னைக்கு, அங்கிருந்து விமானம். எங்கள் பாலக்கரைப் பக்கம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், கிளம்புகிறதற்கு முன்னால் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மாப்பு கேட்பார்கள். மனிதருக்குச் செய்த தப்பை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அதைத் தீர்க்காமல் அல்லாஹ்வின் வீட்டுக்குப் போய் நிற்கக் கூடாது என்பது கணக்கு. அக்கா பேத்தியின் ரஃப் நோட்டில் பட்டியலே போட்டு வைத்திருந்தாள். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வருஷக்கணக்காகப் பேரம் பேசி வதைத்த மீன்காரம்மா, ரவிக்கை சரியில்லை என்று திட்டிய டெய்லர். போன் செய்ய வேண்டியவர்களில் நான் ஏழாவது ஆள் என்றாள்.

"தெரிஞ்சும் தெரியாமலும் உனக்கு ஏதாவது செஞ்சிருந்தா மனசுல வச்சுக்காம மாப்பு பண்ணிடு தம்பி" என்றாள். இதற்குப் பதில் எல்லோருக்கும் மனப்பாடம். நீயும் என்னை மாப்பு பண்ணிடு அக்கா என்றேன். அரை நிமிஷத்தில் முடிந்தது. அங்கே குளிரா என்று கேட்டாள். வைக்கப்போகிற நேரத்தில், இன்னொரு விஷயம் என்று ஆரம்பித்தாள்.

"பெரியத்தா வீட்டுக்கு முதல்லயே போயிட்டு வந்துட்டேன். அத்தா விஷயத்தைப் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிட்டாரு. எட்டு வருஷம் கழிச்சு என் முகத்தைப் பார்த்துப் பேசினாரு. எனக்கு அது போதும் தம்பி."

அத்தா என்றால் எங்கள் தகப்பனார். ரொம்ப சந்தோஷம் அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு விண்ணப்பத்தைத் தள்ளி வைத்தேன். ஏனென்றால் அந்த மன்னிப்பு அக்காவுக்கு உரியதே இல்லை. நான் செய்த காரியத்துக்கு அவள் போய் நின்று, தலை குனிந்து, மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

2

இதைச் சொல்வதற்கு முன் நான் என்ன படித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகன் தத்துவம் எம்.ஏ. சேர்ந்தால் வீட்டில் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. வகுப்பில் நாங்கள் ஆறு பேர். அதில் உருப்படியாகப் படித்தது நானும் ஸ்ரீரங்கத்து ரங்கராஜனும். அவன் வீடு வடக்கு உத்திர வீதியில். சாயங்காலம் அவனோடு பேசிக்கொண்டே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பரில் ஏறி, பேச்சு முடியாமல் ஸ்ரீரங்கம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவேன்.

எங்கள் பெரிய விவாதமே அந்த பஸ்ஸில் கிடைத்ததுதான். கீழே நிற்கிறவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்துவிடுகிறார். அவருக்கு முன்னாலேயே ஏறிவிட்ட ஒரு பெண், கையில் பையோடு, துண்டைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வருகிறாள். இது நியாயமா? ஊரே ஏற்றுக்கொண்ட வழக்கம் என்றால் அது ஒரு வாக்குக் கொடுத்த மாதிரி, அதை மீறக்கூடாது என்பான் ரங்கராஜன். உடம்பு ஏறுகிறதுக்கு முன்னால் துணிக்கு ஏதுடா உரிமை என்பேன் நான். காவேரிப் பாலத்தில் ஆரம்பித்தால் அம்மா மண்டபம் ஸ்டாப் தாண்டியும் ஓயாது. கண்டக்டர் வந்து முதலில் டிக்கெட் எடுங்கள் என்று கத்துவார்.

அந்தத் துண்டை இங்கே வகுப்பிலும் ஒவ்வொரு வருடமும் போடுகிறேன். யாராவது அதை எடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதானே என்று இங்கத்திப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நம் ஊரில் அது ஏன் முடியாது என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிடும்.

எதையும் நாலு பக்கமும் திருப்பிப் பார், இதே மாதிரி வேறு நிலைமையில் வைத்துப் பார், உனக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக ஒரு காரணத்தை ஏற்றுக்கொள்ளாதே. இதைத்தான் படித்தேன், இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல படிப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் காரணம் சொல்லப் பழகியவனுக்கு எந்தக் காரியத்துக்கும் ஒரு காரணம் கையில் இருக்கும். அதுதான் இந்தத் தொழிலில் இருக்கிற ஆபத்து.

3

எட்டு வருடத்துக்கு முன் அத்தாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். எனக்கு விசா புதுப்பிக்கிற நேரம். என் பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப வாங்குவதற்குத் தினமும் போன் செய்து, அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். கூடவே இருந்தது அக்காதான். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு, இனித் திரும்புவார் என்று தோன்றவில்லை, இப்படியே வைத்திருக்கிறதா, வீட்டுக்குக் கொண்டுபோகிறதா, குடும்பத்தில் பேசிச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். அங்கே மத்தியானம், இங்கே காலைப் பத்து மணி. வகுப்புக்குப் போகிற வழியில் காரிடாரில் நின்று பேசினேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பக்கத்தில் ரங்கராஜன் நின்றிருந்தான். ஸ்ரீரங்கத்தில் பேங்க் வேலையை வைத்துக்கொண்டு அந்தப் பதினொரு நாளும் சாயங்காலம் தவறாமல் வந்தவன், அன்றைக்கு லீவு போட்டிருந்தான்.

அக்கா அழவில்லை. என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டாள். நான் மூன்று காரணம் சொன்னேன். பிழைக்க வழியில்லாத உடம்பை மெஷினில் வைப்பது வைத்தியம் ஆகாது, அது அவருக்கு நோவு. அவர் சுயநினைவோடு இருந்திருந்தால் இதை விரும்பியிருக்க மாட்டார். அவர் வீட்டில், தன் கட்டிலில், குர்ஆனின் யாசீன் ஓதுகிற சத்தத்தில் போவதுதான் அவருக்கு மரியாதை. மூன்றும் இன்றைக்கும் சரியென்றுதான் நினைக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

"நீ சொல்றியா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"நான் சொல்றேன் அக்கா. வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க."

அக்கா கையெழுத்துப் போட்டாள். ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து, மக்காவின் ஜம்ஜம் தண்ணீரை உதட்டில் தொட்டு வைத்த இரண்டு மணி நேரத்தில் அத்தா மௌத்தாகிவிட்டார். நான் அன்றைய வகுப்புகளையெல்லாம் முடித்துவிட்டு வந்து போனைப் பார்த்தேன்.

4

பாஸ்போர்ட் மறுநாள் கைக்கு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் ஆண்கள், உள் அறையில் பெண்கள், நடுவில் ஒரு திரை.

பெரியத்தா அத்தாவின் அண்ணன். இரண்டு பேரும் ஒரே கடையில் நாற்பது வருடம் உட்கார்ந்தவர்கள். ஓதி முடிந்ததும் அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். மூச்சு ஓடிக்கொண்டிருந்த மனுஷனை எடுத்துக்கொண்டு வரச் சொன்னது யார்? அந்த உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தது? கோபத்தில் அவர் தாடி நடுங்கியது. கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவன், வெளிநாட்டில் நியாயம் சொல்லிக்கொடுக்கிறவன், ஒரே மகன். பதில் என்னிடமிருந்துதானே வர வேண்டும்.

"நான் இங்க இல்லையே பெரியத்தா. அக்காதான் பக்கத்துல இருந்தாங்க."

இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தையும் பொய் இல்லை. நான் அங்கே இல்லை. அக்காதான் பக்கத்தில் இருந்தாள். வாயைத் திறக்கும்போதே எனக்குத் தெரியும், இந்த இரண்டு வாக்கியத்தையும் எப்படி அடுக்கினால் கேட்கிறவர் மூன்றாவதைத் தானே போட்டுக்கொள்வார் என்று. அதற்குத்தானே படித்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். பெரியத்தா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அன்றிலிருந்து அக்கா வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பெருநாளைக்கு அவள் கொடுத்தனுப்புகிற பிரியாணி, தூக்கு திறக்காமல் திரும்பி வரும். அவள் இளைய மகள் கல்யாணத்துக்குப் பள்ளிவாசலில் நிக்காஹ்வுக்கு வந்தார், சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் ஊருக்குப் போகிறபோதெல்லாம் என்னை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்து விருந்து போட்டார். நானும் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

ரங்கராஜன் அந்த மூன்றாம் நாள் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொள்ளிடம் பாலத்தில் நிறுத்தி, "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்றான். நான் பொய் சொல்லவில்லையே என்றேன். "பொய்னு நான் சொன்னேனா?" என்றான். ஸ்கூட்டரைத் திருப்பினான். வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். இப்போதெல்லாம் வைகுண்ட ஏகாதசிக்குக் கோபுரத்தின் படம் ஒன்று அனுப்புவான். நான் கும்பிடுகிற கை ஒன்றைப் போடுவேன். அவ்வளவுதான் எங்கள் விவாதம்.

5

அக்கா போன் செய்த அந்த வாரம் சனிக்கிழமை, மகள் சஃபியா என் வகுப்புத் தாள்களை ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. தமிழ் புரியும், பேசச் சொன்னால் பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அடுத்த வருடம் யூனிவர்சிட்டிக்கு வேறு ஊர் போகிறாள். வீட்டில் இருக்கிறபோதே அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. அதைப் பற்றியும் புலம்பலாம், இன்றைக்கு வேண்டாம்.

நான்காவது தாளை நின்று படித்தாள். அது ஆறு வருடமாக நான் வகுப்பில் கொடுக்கிற ஒரு நிலைமை. தென்னிந்தியாவில் ஒரு குடும்பம், வென்டிலேட்டரில் தகப்பன், வெளிநாட்டில் ஒரு மகன், பக்கத்தில் மகள். மகள் முடிவெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள், சொந்தபந்தம் அவளை ஒதுக்குகிறது, அவள் செய்தது சரியா? பிள்ளைகள் நன்றாக விவாதிப்பார்கள். போன வருடம் ஒரு பெண் அந்த மகளுக்காக அழுதேவிட்டாள்.

"அத்தா, இது ஜீனத் மாமிதானே?" என்றாள் சஃபியா. ஆமாம் என்றேன். நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, போனில் இருந்தேன் என்றேன். மறுபடியும் தாளைப் பார்த்தாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள்.

"பேப்பர்ல போன் இல்லையே அத்தா."

அவள் குற்றம் சாட்டவில்லை. பிழை இருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள் என்கிற மாதிரிதான் சொன்னாள். நான் ஏதோ சுருக்கமாக எழுதினேன் என்று மழுப்பினேன். மூன்றாம் நாள் பெரியத்தாவிடம் சொன்னதை அப்படியே தாளிலும் எழுதி, ஆறு வருடமாக நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அக்காவை அவளுக்கே தெரியாமல் வருஷா வருஷம் கூண்டில் ஏற்றி, சரியா தப்பா என்று ஓட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். என்னைத் தாளிலிருந்து எடுத்ததுகூட எனக்கு நினைவில்லை, அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது.

6

அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டேன். மாப்பு பண்ணிடு என்று முன்னால் பொத்தாம்பொதுவாகச் சொன்னது போதாது, இன்ன தப்பு என்று பெயர் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். கொண்டுபோகச் சொன்னது நான், பழியை உன் தலையில் போட்டது நான் என்றேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள் போல. உதறுகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாததா தம்பி? போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே" என்றாள்.

அப்புறம் ஏன் பெரியத்தாவிடம் உண்மையைச் சொல்லவில்லை, ஏன் போய் மாப்பு கேட்டாய் என்றேன். கையெழுத்துப் போட்டது நான்தானே என்றாள் முதலில். பிறகு மெதுவாகச் சொன்னாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவன் நீ. உன்னையும் அவர் ஒதுக்கிவிட்டால் வருவதையே நிறுத்திவிடுவாய். நான் இங்கேயே இருக்கிறவள், தாங்கிக்கொள்வேன் என்று விட்டுவிட்டேன். இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எட்டாவதோடு நிறுத்தியவள். நான் அழுதேன், நான் அழுது முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"உன்னை நான் என்னைக்கோ மாப்பு பண்ணிட்டேன்" என்றாள். "ஆனா சொல்றதா இருந்தா எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது?"

அதற்குப் பிறகு நான்கு நாள் யோசித்தேன். பழக்க தோஷம். பெரியத்தாவுக்கு எண்பத்து நாலு வயது, இருதயத்தில் கோளாறு, இந்த வயதில் இதைச் சொல்லி என்ன கிடைக்கப்போகிறது. அவர்தான் மன்னித்துவிட்டாரே, அக்காவும் நிம்மதியாகக் கிளம்புகிறாள், அதைக் கலைப்பானேன். உண்மையைச் சொல்வது யாருக்காக, என் மனப் பாரத்தை இறக்குவதற்காகத்தானே, அது சுயநலம் இல்லையா. எல்லாமே நல்ல வாதங்கள். மாணவன் யாராவது எழுதியிருந்தால் முதல் வகுப்பு மார்க் போட்டிருப்பேன். ஒவ்வொன்றும் என்னைப் போனை எடுக்கவிடாமல் செய்கிறதே என்று புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது.

7

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம் ஒன்றரை. பெரியத்தாவே எடுத்தார். சலாம் சொன்னார், வகுப்பில்லையா என்று கேட்டார். நான் நேராகச் சொல்லிவிட்டேன். அத்தாவை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னது நான்தான். அக்கா போனில் கேட்டாள், நான் சொன்னேன், அவள் செய்தாள்.

"திரும்பச் சொல்லு" என்றார்.

காது கேட்கவில்லையா, நம்ப முடியவில்லையா என்று தெரியவில்லை. திரும்பச் சொன்னேன். அந்த மூன்று காரணங்களும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. விழுங்கிக்கொண்டேன்.

"அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"பயம் பெரியத்தா."

என் வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சின்ன விளக்கம் அதுதான். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"ஜீனத் எத்தனை மணிக்குக் கிளம்புறா?" என்று கேட்டார்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் வேன் என்றேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டார், ஆனால் கட் செய்யத் தெரியவில்லை. இங்கிருந்து எல்லாம் கேட்டது. மருமகளைக் கூப்பிட்டுச் சட்டையை எடுக்கச் சொன்னார். நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையே மாமா என்று அந்தப் பெண் சொன்னது. சாப்பாடு அங்கே பார்த்துக்கொள்கிறேன், நீ ஆட்டோவைக் கூப்பிடு என்றார். கைத்தடி தரையில் தட்டிக்கொண்டே தூரமாகப் போனது. நான் சொன்ன இரண்டு வாக்கியத்தைக் கேட்டார், எழுந்து போய்விட்டார். எனக்கு அதற்கு எட்டு வருடம் பிடித்தது.

வேன் சமயபுரம் தாண்டும்போது அக்கா கூப்பிட்டாள். உள்ளே ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சொல்கிற தல்பியாவை ஓதுகிற சத்தம் கேட்டது. பெரியத்தா வந்தார் என்றாள். வழியனுப்ப வந்த கூட்டம் வாசல் வரைக்கும் நின்றிருக்கிறது. எல்லோர் முன்னாலும் அவளிடம், எட்டு வருஷம் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன், நீ என்னை மாப்பு பண்ணணும்மா என்று கேட்டிருக்கிறார். அதோடு சோறு போடச் சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அடுத்த வீட்டிலிருந்து சோறும் மீன் குழம்பும் வாங்கி வந்து, தன் தட்டில் போட்டுக் கொடுத்தாளாம். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார் என்றாள். தண்ணீர் குடித்ததை இரண்டு முறை சொன்னாள்.

நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

இல்லை என்றாள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, பெரியத்தாவிடம் உண்மையைச் சொன்னேனே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை. பயம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டேன். இப்போதே கூப்பிட்டு மாப்பு கேட்டுவிடுகிறேன் அக்கா என்றேன்.

"வேணாம் தம்பி" என்றாள். "அத்தாவையும் போன்லயே அனுப்பி வச்சே. இதையாவது நேர்ல வந்து கேளு."